நியாயப்பிரமாணம், பாவம், கிருபை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேதபாட வகுப்புகளிலும் ஞானஸ்நான ஆயத்தத்திலும் திரும்பத் திரும்ப எழும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம். வசனங்களைப் பழைய மொழிபெயர்ப்பிலிருந்து எடுத்திருக்கிறோம். கத்தோலிக்க வாசகர்கள் நியாயப்பிரமாணம் என்ற இடத்தில் திருச்சட்டம் என்றும், கிருபை என்ற இடத்தில் அருள் என்றும் வாசித்துக்கொள்ளலாம். சபைகளுக்குள் கருத்து வேறுபடும் இடங்களில் யார் என்ன சொல்கிறார்கள் என்பதைச் சொல்லியிருக்கிறோம்.

மூன்றுக்கும் உள்ள தொடர்பைச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

தேவன் எப்படிப்பட்டவர், மனிதன் எப்படி வாழ வேண்டும் என்று நியாயப்பிரமாணம் காட்டுகிறது. அந்த வெளிச்சத்தில் பாவம் வெளிப்படுகிறது. பாவத்தை மன்னித்து, மனிதனை உள்ளிருந்து மாற்றுவது கிருபை. சட்டத்துக்கு உயிர் கொடுக்கும் ஆற்றல் இல்லை. "உயிரைக் கொடுக்கத்தக்க நியாயப்பிரமாணம் அருளப்பட்டிருந்ததானால் நீதி நியாயப்பிரமாணத்தினால் உண்டாயிருக்குமே" என்று கலாத்தியர் 3:21 சொல்கிறது. இந்த விஷயத்தில் வரும் குழப்பங்களில் பெரும்பாலானவை, கிருபை மட்டுமே செய்யக்கூடியதைச் சட்டத்திடம் எதிர்பார்ப்பதால் வருபவை. மீதி, சட்டம் காட்டும் வழி இனி வேண்டாம் என்று நினைப்பதால் வருபவை.

நியாயப்பிரமாணம் என்றால் பத்துக் கட்டளைகளா, மோசேயின் ஐந்து புத்தகங்களா?

இடத்துக்கு இடம் மாறும். பவுல் அந்தச் சொல்லைச் சில இடங்களில் ஐந்து ஆகமங்களுக்கும், சில இடங்களில் சீனாய் உடன்படிக்கை முழுவதுக்கும், ரோமர் 3:19-ல் சங்கீதங்களையும் ஏசாயாவையும் சேர்த்தே கூடப் பயன்படுத்துகிறார். யூத மரபு ஐந்து ஆகமங்களில் 613 கட்டளைகளை எண்ணுகிறது: 'செய்' என்பவை 248, 'செய்யாதே' என்பவை 365.

கிறிஸ்தவ இறையியல் இவற்றை மூன்றாகப் பிரித்துப் பழகியிருக்கிறது. கொலை, களவு, விபசாரம் பற்றியவை ஒழுக்கச் சட்டம். பலி, உணவு, தீட்டு, பண்டிகை பற்றியவை சடங்குச் சட்டம். இஸ்ரவேல் என்ற தேசத்தின் நீதிமன்றத்துக்குரியவை நீதிச் சட்டம். 13-ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் இந்தப் பிரிவை விரிவாக எழுதினார். 1640-களில் உருவான வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கையும் 19-ஆம் அதிகாரத்தில் இதையே ஏற்கிறது. பயனுள்ள பிரிவுதான், ஆனால் வேதாகமமே இப்படிக் கோடு போட்டுப் பிரிக்கவில்லை. லேவியராகமம் 19-ஐ எடுத்துப் பாருங்கள். அயலானை நேசிக்கும் கட்டளை 18-ஆம் வசனத்தில் வருகிறது. இரண்டு வகை நூல் கலந்த துணியை உடுத்தக்கூடாது என்பது அடுத்த வசனத்திலேயே வந்துவிடுகிறது.

பத்துக் கட்டளைகளின் எண் ஏன் சபைக்குச் சபை மாறுகிறது?

வாசகம் ஒன்றே, பிரிக்கும் இடம்தான் வேறு. கத்தோலிக்கரும் லூத்தரன் சபையாரும் அந்நிய தேவர்களையும் விக்கிரகத்தையும் பற்றியவற்றை ஒரே கட்டளையாகச் சேர்த்து, கடைசியில் இச்சை பற்றியதை இரண்டாகப் பிரிக்கிறார்கள். ஆர்த்தடாக்ஸ், சீர்திருத்தச் சபையார், ஆங்கிலிக்கன் சபையார் விக்கிரகத்தைத் தனிக் கட்டளையாக எண்ணுகிறார்கள். எனவே "ஆறாம் கட்டளை" என்று ஒருவர் சொன்னால் அது கொலையா விபசாரமா என்று கேட்டுத் தெளிந்துகொள்வது நல்லது.

கைக்கொள்ள முடியாது என்றால் சட்டத்தை ஏன் கொடுக்க வேண்டும்?

முதலில் வரிசையைப் பாருங்கள். இஸ்ரவேல் எகிப்திலிருந்து விடுவிக்கப்பட்டது யாத்திராகமம் 12 முதல் 14 வரை. சட்டம் வருவது 20-ஆம் அதிகாரத்தில். "இதைக் கைக்கொண்டால் உங்களை விடுவிப்பேன்" என்று எகிப்தில் அவர்களிடம் யாரும் பேரம் பேசவில்லை. பத்துக் கட்டளைகளின் தொடக்கமே "உன்னை அடிமைத்தன வீடாகிய எகிப்துதேசத்திலிருந்து புறப்படப்பண்ணின உன் தேவனாகிய கர்த்தர் நானே" என்பதுதான். விடுதலை முந்தியது, விடுதலை பெற்றவர் எப்படி வாழ்வது என்பது அதன் பிறகு. பவுல் இன்னும் பின்னால் போகிறார்: ஆபிரகாமுக்குக் கொடுத்த வாக்குத்தத்தத்துக்கு 430 வருஷத்துக்குப் பின் வந்த சட்டம் அந்த வாக்குத்தத்தத்தைத் தள்ளிவிட முடியாது என்கிறார் (கலாத்தியர் 3:17). இந்த வரிசையைத் தலைகீழாக்கினால் முழு விசுவாசமும் வேறொன்றாக மாறிவிடும். கீழே வரும் பதில்கள் பலவும் இதன் மேல்தான் நிற்கின்றன.

சீர்திருத்த காலத்து இறையியலாளர்கள் சட்டத்தின் பயன்களை மூன்றாகச் சொன்னார்கள். சமூகத்தில் தீமையைக் கட்டுப்படுத்துவது ஒன்று. பாவத்தைக் காட்டிக் கிறிஸ்துவினிடத்தில் கொண்டுபோவது மற்றொன்று. கலாத்தியர் 3:24-ன் 'உபாத்தி' (பிள்ளையை நடத்திச் செல்லும் ஆசான்) என்பது இதுதான். விசுவாசிக்கு வாழும் வழியைக் காட்டுவது இன்னொன்று. லூத்தர் பாவத்தைக் காட்டும் பயனையே முதன்மையாகப் பிடித்தார். கால்வின் வழிகாட்டும் பயனையே தலையாயது என்றார். இந்த வேறுபாட்டை அவரவர் மரபின் ஞானோபதேசப் புத்தக அமைப்பிலேயே பார்க்கலாம். லூத்தரின் 1529-ஆம் ஆண்டுச் சிறிய ஞானோபதேசத்தில் பத்துக் கட்டளைகள் முதலில் நிற்கும். 1563-ஆம் ஆண்டு ஹைடல்பெர்க் ஞானோபதேசம் துயரம், மீட்பு, நன்றி என்று மூன்று பாகமாகப் போகும். அதில் பத்துக் கட்டளைகளின் விளக்கம் 'நன்றி' என்ற கடைசிப் பாகத்தில் வரும். இரண்டுமே கட்டளைகளை மீட்புக்குக் கொடுக்கும் விலையாக வைக்கவில்லை.

பாவம் என்றால் சட்டத்தை மீறும் செயல் மட்டும்தானா?

"நியாயப்பிரமாணத்தை மீறுகிறதே பாவம்" என்று 1 யோவான் 3:4 சொல்கிறது. அதோடு முடிவதில்லை. நன்மை செய்ய அறிந்தும் செய்யாமல் போவது பாவம் (யாக்கோபு 4:17). மனச்சாட்சி தவறு என்று சொல்லும்போது அதை மிதித்துச் செய்வதும் பாவம், செயல் தன்னளவில் குற்றமற்றதாக இருந்தாலும் (ரோமர் 14:23). மலைப்பிரசங்கத்தில் இயேசு கொலையைக் கோபம் வரைக்கும், விபசாரத்தைப் பார்வை வரைக்கும் கொண்டுபோகிறார்.

ரோமர் 5 முதல் 7 வரை பவுல் பாவத்தை ஆளும் ஒரு சக்தியாகப் பேசுகிறார்: அது ஆளுகிறது, அடிமைப்படுத்துகிறது, சம்பளம் கொடுக்கிறது. இதைக் கவனிக்காதவர்கள் பாவத்தைக் கணக்குப் புத்தகத்தில் எழுதிய கடன்களாக மட்டும் பார்த்து, கடன் தள்ளுபடியோடு கிருபையின் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். அடிமைக்குக் கடன் தள்ளுபடி மட்டும் போதாது, விடுதலையும் வேண்டும்.

ஆதாமிடமிருந்து வந்ததைப் பற்றி மரபுகள் வேறுபடுகின்றன. ஆதித் திருச்சபையின் இறையியலாளர் அகஸ்டினைப் பின்பற்றும் மேற்கத்திய சபைகள் பிறப்புநிலைப் பாவம் என்று பேசுகின்றன. லூத்தரன், சீர்திருத்த மரபுகள் அதில் குற்றப்பொறுப்பையும் அழுத்திச் சொல்கின்றன. ஆர்த்தடாக்ஸ் மரபு மரணத்தையும் பாவத்தின் பக்கம் சாயும் பலவீனத்தையும் சுதந்தரித்தோம் என்கிறது, ஆதாமின் குற்றத்தைச் சுதந்தரித்தோம் என்று சொல்வதில்லை.

எல்லாப் பாவமும் சமம்தானே?

இல்லை. யாக்கோபு 2:10 ஒன்றில் தவறினவன் எல்லாவற்றிலும் குற்றவாளி என்கிறது. 'நான் சட்டத்தைக் கைக்கொண்டவன்' என்று யாரும் நீதிமன்றத்தில் நிற்க முடியாது என்பது அதன் பொருள். பொய்யும் கொலையும் ஒரே அளவு தீமை என்று அது சொல்லவில்லை. யோவான் 19:11-ல் இயேசுவே "அதிக பாவம்" என்று ஒப்பிட்டுப் பேசுகிறார்.

கத்தோலிக்கப் போதனை சாவான பாவம், அற்பப் பாவம் என்று பிரிக்கிறது. சாவான பாவம் என்பதற்கு மூன்றும் சேர வேண்டும்: காரியம் கனமானதாக இருப்பது, அது பாவம் என்று முழுதாய் அறிந்திருப்பது, மனதாரச் சம்மதிப்பது. ஒன்று குறைந்தாலும் அது சாவான பாவம் ஆகாது. புராட்டஸ்டன்ட் மரபுகள், கிறிஸ்துவுக்கு வெளியே எந்தப் பாவமும் மரணத்துக்குரியதே என்று சொல்லி இந்தப் பிரிவை ஏற்பதில்லை. ஆனால் பாவங்களுக்குள் கனம் வேறுபடும் என்பதை அவையும் ஒப்புக்கொள்கின்றன.

பழைய ஏற்பாடு சட்டம், புதிய ஏற்பாடு கிருபை. இப்படிச் சொல்வது சரியா?

சரியல்ல. இதன் கடைசி எல்லைவரை போனவர் இரண்டாம் நூற்றாண்டுப் போதகர் மார்சியன். பழைய ஏற்பாட்டை முழுதாகத் தள்ளி, லூக்காவைச் சுருக்கி, பவுலின் பத்து நிருபங்களை மட்டும் வைத்துக்கொண்டார். ரோமச் சபை 144-ல் அவரை விலக்கியது.

ஆபிரகாம் விசுவாசித்தான், அது அவனுக்கு நீதியாக எண்ணப்பட்டது என்பது ஆதியாகமம் 15:6. உங்கள் நீதியினிமித்தம் இந்தத் தேசத்தைக் கொடுக்கவில்லை என்று உபாகமம் 9 மூன்று முறை சொல்கிறது. சட்டத்தின் உள்ளேயே இரக்கம் எவ்வளவு நுணுக்கமாக இருக்கிறது என்பதற்கு லேவியராகமம் 5 நல்ல சாட்சி. பாவநிவாரணத்துக்கு ஒரு பெண்ணாடு கொண்டுவர வேண்டும். வசதி இல்லையென்றால் இரண்டு காட்டுப்புறாக்கள் அல்லது இரண்டு புறாக்குஞ்சுகள். அதற்கும் வழியில்லையென்றால் ஒரு எப்பாவில் பத்தில் ஒரு பங்கு மாவு, ஏறக்குறைய இரண்டு லிட்டர். இரத்தமில்லாத அந்தக் கைப்பிடி மாவுக்கும் "அவனுக்கு மன்னிக்கப்படும்" என்ற அதே வாக்குத்தான். ஏழை என்பதால் ஒருவனும் மன்னிப்புக்கு வெளியே நிற்கவில்லை.

யூத மார்க்கம் என்றாலே நற்செயல்களை அடுக்கி மோட்சம் சம்பாதிக்கும் மதம் என்று பிரசங்கங்களில் சொல்வதையும் நிறுத்த வேண்டும். இஸ்ரவேலர் உடன்படிக்கைக்குள் வருவது தேவனுடைய தெரிந்தெடுப்பால், சட்டத்தைக் கைக்கொள்வது அதற்குள் நிலைத்திருக்க என்பதே முதல் நூற்றாண்டு யூத எழுத்துக்களின் பொதுப்போக்கு என்று வேதாகம ஆய்வாளர் இ. பி. சாண்டர்ஸ் 1977-ல் விரிவாக வாதிட்டார். அதற்குப் பிறகு ஆய்வாளர்கள் அவரோடு பல இடங்களில் முரண்பட்டிருக்கிறார்கள். ஆனால் அந்தப் பழைய கேலிச்சித்திரத்துக்குத் திரும்பிப் போக இனி நியாயமில்லை.

அப்படியானால் கிறிஸ்தவர் எந்தக் கட்டளைகளைக் கைக்கொள்ள வேண்டும்?

அப்போஸ்தலர் 15 இந்தக் கேள்விக்காகவே கூடின சங்கம், ஏறக்குறைய கி.பி. 49. புறஜாதி (யூதரல்லாத) விசுவாசிகள் விருத்தசேதனம் (நுனித்தோல் நீக்கும் உடன்படிக்கைச் சடங்கு) பண்ண வேண்டியதில்லை என்று அது தீர்த்தது. நான்கை மட்டும் விலக்கச் சொன்னது: விக்கிரகங்களுக்குப் படைத்தவை, இரத்தம், நெருக்குண்டு செத்தது, வேசித்தனம்.

ஒரு பழைய ஏற்பாட்டுக் கட்டளையை எடுத்துக்கொண்டு 'இது எனக்கா?' என்று பார்க்கும்போது, முதலில் அது யாருக்கு, எந்தச் சூழலில் சொல்லப்பட்டது என்று பாருங்கள். இஸ்ரவேலர் எல்லாருக்குமா, ஆசாரியருக்கு மட்டுமா? அடுத்து, அது தேவனைப்பற்றியோ அயலானைப்பற்றியோ எதைக் காக்கிறது என்று கேளுங்கள். பிறகு புதிய ஏற்பாடு அதை என்ன செய்கிறது என்று தேடுங்கள்: திரும்பச் சொல்கிறதா, கிறிஸ்துவில் நிறைவேறியது என்கிறதா, விட்டுவிடுகிறதா? கடைசியாக, தேவனிடத்திலும் பிறனிடத்திலும் அன்பு என்ற இரண்டு கட்டளைகளில் நியாயப்பிரமாணம் முழுவதும் அடங்கும் என்ற மத்தேயு 22:40-ன் அளவுகோலில் வையுங்கள்.

சில உதாரணங்கள். பன்றி இறைச்சி: மாற்கு 7:19, அப்போஸ்தலர் 10 ஆகியவற்றின் வெளிச்சத்தில் பெரும்பான்மைச் சபைகள் தடை இல்லை என்கின்றன. மிருக பலி: எபிரெயர் 10-ன்படி ஒரேதரம் நிறைவேறிற்று. வீட்டு மாடிக்குக் கைப்பிடிச் சுவர் கட்டு என்ற உபாகமம் 22:8: அந்தச் சுவர் அதே வடிவில் உங்கள் கடமையாக இல்லாமல் இருக்கலாம், ஆனால் உன் கவனக்குறைவால் ஒருவன் சாகக்கூடாது என்ற அதன் நீதி அப்படியே உங்கள்மேல் நிற்கிறது. தொழிற்சாலைப் பாதுகாப்பில் காசு மிச்சம்பிடிக்கும் முதலாளி இந்தக் கட்டளையைத்தான் மீறுகிறான்.

இங்கே வழக்கமாக நடக்கும் பிழை, பிடிக்காததைச் 'சடங்கு' என்று ஒதுக்கி, பிறரைக் குற்றம்சாட்ட உதவுவதை 'ஒழுக்கம்' என்று வைத்துக்கொள்வது. மேலே சொன்ன கேள்விகளை எல்லாக் கட்டளைகளுக்கும் ஒரே மாதிரி கேட்க வேண்டும், முக்கியமாக நமக்கே எதிராக நிற்பவைகளுக்கு.

ஓய்வுநாள்?

மூன்று நிலைப்பாடுகள் உண்டு. செவன்த் டே அட்வென்டிஸ்ட் சபை போன்றவை சனிக்கிழமையையே ஆசரிக்கின்றன. வெஸ்ட்மின்ஸ்டர் மரபு, ஓய்வுநாள் கட்டளை நிலையானது, நாள் மட்டும் உயிர்த்தெழுதலால் ஞாயிறுக்கு மாறியது என்கிறது. வேறு பலர் கொலோசெயர் 2:16-17-ஐக் காட்டி, ஓய்வுநாள் நிழல், கிறிஸ்து பொருள் என்று சொல்லி ஞாயிறை ஆராதனை நாளாக மட்டும் வைக்கிறார்கள். எந்த நிலையை எடுத்தாலும் உபாகமம் 5:14-15-ஐ விட்டுவிடாதீர்கள்: வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப்போல இளைப்பாற வேண்டும் என்பதே அங்கே சொல்லப்படும் காரணம். தான் ஓய்ந்திருந்து வீட்டு வேலையாளை ஓய்வில்லாமல் நடத்துகிறவன் ஓய்வுநாளை ஆசரிக்கவில்லை.

தசமபாகம் கொடுக்காவிட்டால் சாபமா?

மல்கியா 3 இஸ்ரவேல் தேசத்தாரோடு உடன்படிக்கையின் கீழ் பேசியது. சட்டத்தில் தசமபாகம் என்பது நிலத்தின் விளைச்சலிலும் மந்தையிலும் இருந்து. அது லேவியருக்குப் போனது. லேவியர் அதில் பத்தில் ஒன்றை ஆசாரியருக்குக் கொடுத்தார்கள் (எண்ணாகமம் 18). உபாகமம் 14-ன்படி குடும்பத்தோடு கர்த்தரின் சந்நிதியில் புசித்து மகிழ ஒன்றும், மூன்றாம் வருஷத்தில் பரதேசி, திக்கற்றவன், விதவைக்கு ஒன்றும் உண்டு. சம்பளத்தில் பத்து சதவீதம் ஒரு சபை அலுவலகத்துக்கு என்ற விதி அந்தச் சட்டத்தில் இல்லை.

புதிய ஏற்பாட்டில் கொடுப்பதின் அளவு "தன் மனதில் நியமித்தபடியே" என்பது. "விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல" (2 கொரிந்தியர் 9:7). பத்தில் ஒன்றை நல்ல தொடக்க அளவாக வைத்துக்கொள்வதில் தவறில்லை. கடனிலும் மருத்துவச் செலவிலும் தவிக்கும் குடும்பத்திடம் சாபத்தைக் காட்டிப் பணம் வாங்குவது தவறு. சாபத்தைக் கிறிஸ்து சுமந்தார் என்று கலாத்தியர் 3:13-ல் பிரசங்கித்துவிட்டு, காணிக்கை வேளையில் அதைத் திரும்பக் கொண்டுவரக்கூடாது.

கிருபை இருக்கிறதே, பாவம் செய்தால் என்ன?

பவுலிடமே இப்படிக் கேட்டார்கள். "கிருபை பெருகும்படிக்குப் பாவத்திலே நிலைநிற்கலாம் என்று சொல்லுவோமா? கூடாதே" என்பது ரோமர் 6-ன் பதில். அவர் சொல்லும் காரணத்தைக் கவனியுங்கள். 'அப்படிச் செய்தால் தண்டனை வரும்' என்று பயமுறுத்தவில்லை. ஞானஸ்நானத்தில் கிறிஸ்துவோடு மரித்தவர்கள் நீங்கள், பாவத்துக்கு மரித்த நாம் இனி அதிலே எப்படிப் பிழைப்போம் என்கிறார். தீத்து 2:11-12-ன்படி, அவபக்தியை வெறுக்கக் கற்றுக்கொடுப்பதே கிருபைதான். எனவே பாவத்தில் சௌகரியமாக இருக்க உதவும் ஒன்றுக்குக் கிருபை என்று பெயர் வைக்க முடியாது.

விசுவாசிக்கு நியாயப்பிரமாணத்தைப் பிரசங்கிக்கவே வேண்டாம் என்று லூத்தரின் நண்பர் யோகன்னஸ் அக்ரிகோலா சொன்னார். கிருபையை உயிராகப் பிடித்த அதே லூத்தர் 1537 முதல் தொடர் விவாதங்களில் அவரை எதிர்த்தார். சட்டம் இல்லாத இடத்தில் பாவம் தெரியாது. பாவம் தெரியாதவனுக்குக் கிறிஸ்து எதற்கு என்பது லூத்தரின் வாதம். நாஜி ஆட்சியில் ஜெர்மன் போதகர் டீட்ரிக் போன்ஹோஃபர், மனந்திரும்புதல் இல்லாத மன்னிப்பை 'மலிவான கிருபை' என்றார்.

விசுவாசம் மட்டுமா, கிரியையும் வேண்டுமா? பவுலும் யாக்கோபும் முரண்படுகிறார்களே?

இருவரும் ஆபிரகாமையே காட்டுகிறார்கள், ஆனால் வாழ்க்கையின் வேறு வேறு கட்டத்தில். பவுல் ரோமர் 4-ல் எடுப்பது ஆதியாகமம் 15: விருத்தசேதனத்துக்கு முன்பே விசுவாசத்தால் நீதிமான். யாக்கோபு 2 எடுப்பது ஆதியாகமம் 22: ஈசாக்கைப் பலிபீடத்தில் வைத்த ஆபிரகாம். பவுல் எதிர்ப்பது தேவனிடம் நிற்கும் உரிமையைக் கிரியையால் வாங்கும் எண்ணத்தை. யாக்கோபு எதிர்ப்பது பிசாசுகளுக்கும் இருக்கும் வெறும் ஒப்புதலை, பசித்தவனுக்கு வாய்வார்த்தை மட்டும் சொல்லி அனுப்பும் 'விசுவாசத்தை'. எபேசியர் 2-ஐ 8, 9 வசனங்களோடு நிறுத்தாமல் 10-ஐயும் வாசித்தால், கிரியைகளினால் அல்ல என்பதும் நற்கிரியைகளுக்காகச் சிருஷ்டிக்கப்பட்டோம் என்பதும் ஒரே மூச்சில் வருவது தெரியும்.

கத்தோலிக்கர் செயலால் மீட்பு என்றும், புராட்டஸ்டன்டார் விசுவாசத்தால் மீட்பு என்றும் சொல்கிறார்களா?

இந்த வாக்கியத்தின் முதல் பாதி தவறு. கத்தோலிக்கத் திருச்சபையின் திரிதெந்து சங்கம் 1547 ஜனவரி 13-ல் வெளியிட்ட தீர்மானத்தின் முதல் விதியே, கிருபை இல்லாமல் தன் செயல்களால் மனிதன் நீதிமானாகலாம் என்பவரைச் சபிக்கிறது. அதற்கு ஆயிரம் ஆண்டுக்கு முன், மனித முயற்சியை உயர்த்திய பெலாகியுவின் போதனையை 418-ல் கார்த்தேஜ் சங்கம் தள்ளியது. விசுவாசத்தின் தொடக்கமே கிருபையால் வருவது என்று 529-ல் ஆரஞ்சு சங்கம் அறிக்கையிட்டது.

உண்மையான வேறுபாடு வேறிடத்தில். நீதிமானாக்கப்படுதல் என்பதைப் புராட்டஸ்டன்ட் மரபு, கிறிஸ்துவின் நீதியை நம் கணக்கில் எண்ணி தேவன் தரும் தீர்ப்பாகப் பார்க்கிறது. பரிசுத்தமாகுதலை அதிலிருந்து வேறுபடுத்துகிறது. கத்தோலிக்க மரபு, பாவ மன்னிப்பையும் உள்ளான மாற்றத்தையும் ஒரே நிகழ்வாகப் பார்க்கிறது; அந்த அருள் வளரவும் செய்யும், சாவான பாவத்தால் இழக்கவும் படும். ஆர்த்தடாக்ஸ் மரபு நீதிமன்ற மொழியைக் குறைத்து, தேவ சுபாவத்தில் பங்குபெறுதல் என்று பேசுகிறது (2 பேதுரு 1:4). 1999 அக்டோபர் 31-ல் ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் கூட்டு அறிக்கையில் கையெழுத்திட்டன. மெத்தடிஸ்டுகள் 2006-லும், சீர்திருத்தச் சபைகளின் உலக ஐக்கியம் 2017-லும் இணைந்தன. அடிப்படையில் ஒத்துவந்திருக்கிறார்கள், எல்லா வேறுபாடும் தீர்ந்துவிடவில்லை.

'கிருபையினின்று விழுதல்' என்றால் பெரிய பாவத்தில் விழுவதுதானே?

கலாத்தியர் 5:4-ஐ வாசித்தால் ஆச்சரியமாக இருக்கும். அங்கே கிருபையினின்று விழுந்தவர்கள் "நியாயப்பிரமாணத்தினாலே நீதிமான்களாக விரும்புகிற" பக்திமான்கள். அதே பவுல், தீத்துவுக்கு விருத்தசேதனம் வேண்டாம் என்று உறுதியாக நின்றார். ஊழிய வசதிக்காகத் தீமோத்தேயுவுக்குத் தாமே செய்தார். செயல் ஒன்றுதான். அதை மீட்புக்கு நிபந்தனையாக்கியபோதுதான் அவர் எதிர்த்தார்.

பாவம் செய்துவிட்டேன். இப்போது என்ன செய்ய வேண்டும்?

செய்ததைப் பெயர் சொல்லி ஒப்புக்கொள்ளுங்கள். 'ஏதாவது தவறு செய்திருந்தால்' என்பது அறிக்கை ஆகாது. புராட்டஸ்டன்ட் சபைகளில் இது நேரடியாக தேவனிடம்; தேவையானால் மேய்ப்பரிடமோ முதிர்ந்த விசுவாசியிடமோ (யாக்கோபு 5:16). கத்தோலிக்க ஒப்புரவு அருட்சாதனத்தில் சாவான பாவங்களை வகையும் எண்ணிக்கையும் சொல்லி அறிக்கையிட வேண்டும். மனத்துயர், பாவ அறிக்கை, பாவப் பொறுத்தல், பரிகாரம் என நான்கும் சேர்ந்ததே அந்த அருட்சாதனம். கேட்டதைக் குரு ஒருபோதும் வெளியிடக்கூடாது.

அடுத்தது பலரும் தாண்டிப்போவது: ஈடுசெய்தல். பிறனுக்கு நஷ்டம் உண்டானால் முதலையும் அதனோடு ஐந்தில் ஒரு பங்கையும் சேர்த்து, காணிக்கை செலுத்தும் அதே நாளில் உரியவனுக்குக் கொடுக்கச் சொல்கிறது லேவியராகமம் 6:5. திருடி விற்ற ஆட்டுக்கு நாலு, மாட்டுக்கு ஐந்து (யாத்திராகமம் 22:1). சகேயு நாலத்தனையாகத் திரும்பக் கொடுப்பேன் என்கிறான். இவை இன்றைக்கு வட்டிக் கணக்கு அல்ல. ஆனால் ஏமாற்றி எடுத்த பணம் கையில் இருக்க, தேவனிடம் மட்டும் மன்னிப்புக் கேட்டு எழுந்துபோகும் ஜெபத்தை வேதம் அறியாது. பழிசொல்லி ஒருவன் பெயரைக் கெடுத்திருந்தால், யாரிடம் சொன்னீர்களோ அவர்களிடமே திருத்திச் சொல்லுங்கள். குற்றம் சட்டப்படி தண்டனைக்குரியதானால், குறிப்பாகச் சிறுவருக்கோ பலவீனருக்கோ தீங்கு நேர்ந்திருந்தால், ஜெபமும் சபை மன்னிப்பும் காவல்துறைக்கும் நீதிமன்றத்துக்கும் பதிலாகா. மன்னிப்பு என்ற பேரில் பாதிக்கப்பட்டவரை மௌனமாக்குவது இன்னொரு பாவம்.

மன்னிப்புக் கிடைத்தும் விளைவுகள் ஏன் தொடர்கின்றன?

தாவீதிடம் தீர்க்கதரிசி நாத்தான் ஒரே பேச்சில் இரண்டையும் சொல்கிறான்: கர்த்தர் உன் பாவம் நீங்கச்செய்தார், ஆனாலும் அதன் கசப்பு உன் வீட்டில் வரும். குற்றம் நீங்குவதும் விளைவு நீங்குவதும் ஒன்றல்ல. விளைவு தொடர்வதை வைத்து மன்னிப்பைச் சந்தேகிக்க வேண்டாம்.

மன்னிக்கப்படாத பாவம் எது? நான் அதைச் செய்துவிட்டேனா?

மாற்கு 3-ல் வேதபாரகர் கண்முன் நடந்த தேவனுடைய கிரியையைத் தெரிந்தே பிசாசின் வேலை என்றார்கள். வெளிச்சத்தை இருள் என்று அழைத்து, அதிலே நிலைத்திருக்கும் கடினம் அது. தற்செயலாய் மனதில் ஓடிய ஒரு கெட்ட வார்த்தை அல்ல. செய்துவிட்டேனோ என்று கலங்கி மன்னிப்புத் தேடுகிறவர் அந்த நிலையில் இல்லை.

ஒரே பாவத்தில் திரும்பத் திரும்ப விழுகிறேன்.

ரோமர் 7-ல் 'விரும்பாததைச் செய்கிறேன்' என்பவன் யார் என்பதில் பழங்காலம் தொட்டே விவாதம் உண்டு. அகஸ்டினே முதலில் அது கிருபைக்கு வெளியே உள்ளவன் என்று எழுதி, பிற்பாடு விசுவாசியும்தான் என்று மாற்றிக்கொண்டார். எந்த விளக்கத்திலும் 7-ஆம் அதிகாரத்தோடு நிறுத்தாமல் 8-க்குப் போக வேண்டும்.

'இனிச் செய்யவே மாட்டேன்' என்ற சபதம் நீண்டநாள் நிற்பதில்லை. அது இன்னொரு சட்டம். உடையும்போது வெட்கம் வரும், வெட்கம் மறைக்கச் செய்யும், மறைவில் பாவம் வளரும். இதற்கு மாறாக, எந்த நேரம், எந்த இடம், எந்த மனநிலையில் விழுகிறீர்கள் என்று கவனித்து அந்த வழியை முன்கூட்டியே அடைத்துவிடுங்கள். நம்பத்தக்க ஒருவருக்கு உண்மையைச் சொல்லி, தவறாமல் சந்தியுங்கள். விழுந்த அன்றே ஜெபத்துக்கும் திருவிருந்துக்கான ஆயத்தத்துக்கும் திரும்புங்கள். தகுதியான பின் வருவேன் என்று நாள்களைக் கடத்தாதீர்கள். குடி, போதைப்பொருள், சூதாட்டம் போன்ற அடிமைத்தனத்துக்கு மருத்துவ உதவி பெறுவது விசுவாசக் குறைவு அல்ல.

மன்னிக்கப்பட்டேனா என்ற சந்தேகம் ஓயவே இல்லை. என்ன செய்வது?

துறவியாயிருந்த லூத்தரும் இதில் தவித்தவர். ஒரே பாவத்தைப் பலமுறை அறிக்கையிடுவது, ஜெபத்தை 'சரியாக' வரும்வரை திரும்பச் சொல்வது, அற்பக் காரியத்தில் மாபெரும் குற்றத்தைக் காண்பது ஆகியவை இதன் அடையாளம். ஒரே ஆலோசகரை வைத்துக்கொண்டு அவர் சொல்லுக்குக் கட்டுப்படுங்கள். அறிக்கையிட்டு முடித்த பாவத்தை மறுபடி அறிக்கையிடாதீர்கள்; அறிக்கை தரும் நிம்மதி சில மணி நேரமே நின்று, சந்தேகத்தை இன்னும் பலப்படுத்திவிடும். இது எண்ணச் சுழற்சி நோயின் (OCD) ஒரு வடிவமாகவும் இருக்கக்கூடும். தூக்கம், வேலை, குடும்பம் பாதித்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். மேய்ப்பர்கள் இவர்களிடம் கடுமையான மனந்திரும்புதல் செய்திகளைத் திணிக்கக்கூடாது.

சபைச் சட்டத்தை மீறினால் அது பாவமா?

சபைச் சட்டமும் தேவ கட்டளையும் ஒன்றல்ல. கத்தோலிக்கத் திருச்சபையின் 1983-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பில் நோன்பு விதி உண்டு: 18 வயது நிறைந்தவர் முதல் 59 வயது நிறையும்வரை நோன்பு, 14 வயது நிறைந்தவர்களுக்கு இறைச்சி விலக்கு. சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும் இரண்டுக்கும் உரிய நாள்கள். இவற்றுக்கு மனச்சாட்சியில் கட்டுப்பாடு உண்டு, ஆனால் நோயாளிக்குப் பொருந்தாது, தகுந்த காரணத்தோடு விலக்கும் பெறலாம். கொலைக்கு யாரும் விலக்குத் தர முடியாது. அந்தத் தொகுப்பின் கடைசியான 1752-ஆம் விதி, ஆன்மாக்களின் மீட்பே திருச்சபையில் உச்ச சட்டம் என்கிறது. ஆர்த்தடாக்ஸ் ஆயர்களும் ஆளின் நிலையைப் பார்த்து விதியைத் தளர்த்துவது உண்டு.

சுயாதீன சபைகளில் எழுதப்படாத சட்டங்கள்தான் அதிகம்: நகை, உடை, சினிமா, முடி. ஒரு விதியை ஒழுங்குக்காக வைப்பது சபையின் உரிமை. அதை மீறியவரின் இரட்சிப்பையே சந்தேகித்தால், கலாத்தியாவில் நடந்ததே இங்கும் நடக்கிறது. விதியைக் காட்டும்போது வசனம் கேளுங்கள்; வசனம் இல்லையென்றால் அது வழக்கம் என்று சொல்லச் சொல்லுங்கள்.

எங்கிருந்து வாசிக்கத் தொடங்குவது?

கலாத்தியரை ஒரே அமர்வில் முழுதாக வாசியுங்கள், ஆறு அதிகாரம்தான். பிறகு யாத்திராகமம் 19 முதல் 24 வரை, லேவியராகமம் 4 முதல் 6 வரையும் 16-ம். அதற்குப் பின் ரோமர் 1 முதல் 8 வரை, இடையில் நிறுத்தாமல். கடைசியாக மத்தேயு 5 முதல் 7, யாக்கோபு 2. ரோமரில் முதலில் இறங்குகிறவர்கள் 2-ஆம் அதிகாரத்திலேயே சிக்கிக்கொள்கிறார்கள், ஏனென்றால் விருத்தசேதனமும் உடன்படிக்கையும் எதற்காக அவ்வளவு பெரிய பிரச்சினை என்பது கலாத்தியரில்தான் உடனே தெரியும். குழுவாக வாசித்தால், 'ஆகையால்', 'ஆனாலும்' என்று தொடங்கும் வசனம் வரும்போதெல்லாம் அதற்கு முந்தின பத்தியை ஒருவர் தம் வார்த்தையில் சொல்லட்டும். அதன் பிறகு மேலே போங்கள்.